வழக்கின் கடைசிப் பக்கம் வரை: டெக்சாஸ் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

டெக்சாஸில் வீட்டை வாடகைக்கு விடுகிற, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிற, தமிழ்ப் பள்ளிக்குத் தன்னார்வலர் சேர்க்கிற தமிழ்க் குடும்பத்தாருக்கு,



அண்மைக் காலமாக நம்மவர்களிடம் ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. யாராவது வீடு கேட்டு வந்தால், இணையத்தில் பத்து இருபது டாலர் கட்டி அவர் பெயரில் ஓர் அறிக்கை வாங்கிவிடுகிறோம். அதில் 'ஃபெலனி' (பெருங்குற்றம்) என்ற சொல் கண்ணில் பட்டால் மேற்கொண்டு படிப்பதில்லை. அப்படியே படம் பிடித்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பி, 'இந்த ஆளுக்கு வீடு கொடுக்காதீர்கள்' என்று எழுதிவிடுகிறோம். அப்படி எனக்கு வந்த ஒரு படத்தில் இருந்தவரின் வழக்கைக் கவுண்டி நீதிமன்றப் பதிவில் தேடிப் பார்த்தேன். அவரைக் கைது செய்தது உண்மைதான். ஆனால் வழக்கு விசாரணைக்குப் போகலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரி அதை ஏற்கவில்லை. அத்தோடு அது முடிந்துபோயிருந்தது. கைதான செய்தி ஊரெல்லாம் சுற்றிவிட்டது. வழக்கு நிற்கவில்லை என்ற செய்தி, கேட்பாரில்லாமல் கவுண்டியின் கணினியிலேயே கிடந்தது.

வழக்கறிஞர் அலுவலகத்தில் நீதிமன்றக் கோப்புகளைத் தேடி எடுப்பது என் வேலை. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். யாரையும் விசாரிக்காமல் வீட்டுக்குள் விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையை ஒருவர் கையில் ஒப்படைக்கும்போது பயம் வரத்தான் செய்யும், வரவும் வேண்டும். விசாரிப்பது என்று இறங்கினால் உரிய இடத்தில், கடைசிப் பக்கம் வரை படித்து விசாரியுங்கள். நான் கேட்பது இது ஒன்றுதான்.

நம் ஊரில் இப்படி ஒரு தேவை வந்தால் காவல் நிலையத்தைத்தான் நினைப்போம். இங்கே காவல்துறையிடம் கைது விவரம் மட்டுமே இருக்கும். கைதுக்குப் பின் என்ன ஆனது என்பது நீதிமன்றத்தில்தான் இருக்கிறது. பெரும்பாலான குற்றங்கள் மாநிலச் சட்டத்தின் கீழ் வருபவை. வழக்கைத் தொடுக்கும் அரசு வழக்கறிஞரை அந்தந்தப் பகுதி மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஃபெலனி வழக்குகளின் கோப்பை வைத்துக் காப்பவர் டிஸ்ட்ரிக்ட் கிளார்க். அவரும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கவுண்டி மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர்தான். ஆகவே 'நாடு முழுக்கத் தேடித் தருகிறோம்' என்று விளம்பரம் செய்யும் தளங்களிடம் மூலப் பதிவு எதுவும் கிடையாது. எஃப்.பி.ஐ வைத்திருக்கும் தேசியக் குற்றப் பதிவு பொதுமக்களுக்குத் திறந்ததல்ல. பல கவுண்டிகளிலிருந்தும் சிறைகளிலிருந்தும் மொத்தமாக வாங்கிச் சேர்த்த தரவைத்தான் இந்தத் தளங்கள் விற்கின்றன. வாங்கிய நாளுக்குப் பிறகு அந்த வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தாலும், அந்தச் செய்தி அங்கே போய்ச் சேரும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

டெக்சாஸில் 254 கவுண்டிகள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் 47 லட்சம் பேருக்கு மேல். மேற்கு டெக்சாஸில் இருக்கும் லவிங் கவுண்டியில் வெறும் 64 பேர். ஹாரிஸில் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கின் இணையதளத்தில் கட்டணமில்லாமல் பதிவுசெய்துகொண்டால் வீட்டிலிருந்தே வழக்குகளைப் பார்க்கலாம். சிறிய கவுண்டிகளில் கவுண்டி கிளார்க், டிஸ்ட்ரிக்ட் கிளார்க் இரண்டு பொறுப்பையும் ஒருவரே பார்ப்பார்; தொலைபேசியில் கூப்பிட்டோ கடிதம் எழுதியோ கேட்க வேண்டிவரும். இந்த வேறுபாட்டைப் பார்த்து மலைத்துப் போய்த்தான் பலரும் பத்து டாலர் அறிக்கைக்குப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

எந்தக் கவுண்டியில் தேடுவது? பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். வழக்கு பதிவாவது குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் கவுண்டியில். குடியிருக்கும் கவுண்டியில் அல்ல. அதோடு நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் ஊர்களே கவுண்டி எல்லைகளை மதிப்பதில்லை. கேட்டி நகரம் ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என்று மூன்று கவுண்டிகளில் கால் வைத்து நிற்கிறது. ஃபிரிஸ்கோ பாதி காலின் கவுண்டியிலும் மீதி டென்டன் கவுண்டியிலும் இருக்கிறது. ஆஸ்டினுக்கு வடக்கே ரவுண்ட் ராக்கில் இருப்பவர் தினமும் வேலைக்குப் போவது டிராவிஸ் கவுண்டிக்கு. வீடோ வில்லியம்சன் கவுண்டியில். ஒரு கவுண்டியில் தேடிவிட்டு 'ஒன்றுமில்லை' என்று சொல்வது அந்தக் கவுண்டியைப் பற்றிய செய்தி மட்டுமே. அவர் முன்பு எங்கெங்கே வசித்தார், எங்கே வேலை பார்த்தார் என்று விண்ணப்பத்திலேயே கேட்டு வாங்குங்கள். அந்த ஊர்களையும் சுற்றியுள்ள கவுண்டிகளையும் சேர்த்துத் தேடுங்கள்.

மாநிலம் முழுவதற்கும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால், மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையான டி.பி.எஸ் சிறு கட்டணத்தில் பெயர்த் தேடல் வைத்திருக்கிறது. குற்றத்தீர்ப்புகளும், நான் பின்னால் விளக்கும் டெஃபர்டு அட்ஜூடிகேஷன் வழக்குகளும் அதில் வரும். தொடங்குவதற்கு நல்ல இடம். ஆனால் கவுண்டிகள் அனுப்பியதுதான் அங்கே இருக்கும். அனுப்பத் தவறியது இருக்காது. அங்கே ஏதாவது கிடைத்தாலும் அந்த வழக்கு எண்ணை எடுத்துக்கொண்டு கவுண்டிக்கே போய் மூலத்தைப் பாருங்கள்.

பெயர் ஒத்துப்போனால் ஆள் அவர்தான் என்று முடிவு கட்டாதீர்கள். ஹாரிஸ் கவுண்டியில் கார்சியா, மார்ட்டினெஸ் என்று தேடினால் பக்கம் பக்கமாக வரும். லத்தீன் அமெரிக்க வழக்கத்தில் தந்தை வழிப் பெயர் ஒன்று, தாய் வழிப் பெயர் ஒன்று என இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. கிளார்க் எதன் கீழ் பதிந்தாரோ அதன் கீழ்தான் வழக்கு வரும். நம் பெயர்களும் குறைந்தவையல்ல. அப்பா பெயர் குடும்பப் பெயராகி, சொந்தப் பெயர் நடுவில் போய், இனிஷியல் விரிந்து, ஒரே ஆள் மூன்று விதமாகப் பதிவாவதை நான் பார்த்திருக்கிறேன். முன்னும் பின்னும் மாற்றிப்போட்டுத் தேடுங்கள். பிறகு பிறந்த தேதியை ஒப்பிடுங்கள். அது ஒத்துவராவிட்டால் அந்த வழக்கு அவருடையது அல்ல, அவ்வளவுதான்.

இனி கோப்புக்குள் போகலாம். வழக்கு எண்ணுக்குக் கீழே குற்றத்தின் பெயரும் அதன் தரமும் இருக்கும். ஃபெலனி என்றால் கொலைகாரன் என்று பயந்துவிடுகிறோம், தரத்தைப் பாருங்கள். டெக்சாஸில் மரண தண்டனைக்குரிய கேப்பிட்டல் ஃபெலனிக்குக் கீழே முதல் தரம் 5 முதல் 99 ஆண்டுகள் அல்லது ஆயுள். இரண்டாம் தரம் 2 முதல் 20. மூன்றாம் தரம் 2 முதல் 10. எல்லாவற்றுக்கும் அடியில் ஸ்டேட் ஜெயில் ஃபெலனி, 180 நாள் முதல் 2 ஆண்டு வரை. ஒரு கிராமுக்கும் குறைவான கொக்கெய்ன் பையில் இருந்தால் அது ஸ்டேட் ஜெயில் ஃபெலனி. 2,500 டாலரிலிருந்து 30,000 டாலருக்குள் திருட்டு என்றாலும் அதே தரம்தான். குடித்துவிட்டு வண்டி ஓட்டி மூன்றாவது முறை பிடிபட்டால் மூன்றாம் தர ஃபெலனி. பிள்ளையைக் காரில் பள்ளிக்குக் கூட்டிப்போக ஆள் தேடுகிறவர்கள் இந்தக் கடைசி வகையைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இருபது வருடத்துக்கு முந்தைய, ஒரு கிராமுக்கும் குறைவான கொக்கெய்ன் வழக்கையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

அடுத்து இன்டைட்மென்ட், அதாவது கிராண்ட் ஜூரியின் குற்றச்சாட்டு. டெக்சாஸில் ஃபெலனி வழக்கு விசாரணைக்குப் போக வேண்டுமானால், குற்றம் சாட்டப்பட்டவரே அந்த உரிமையை விட்டுக்கொடுத்தாலொழிய, பன்னிரண்டு பேர் கொண்ட கிராண்ட் ஜூரியில் ஒன்பது பேராவது ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் 'நோ பில்' என்று கோப்பில் வரும். நான் மேலே சொன்னவரின் வழக்கில் இருந்தது அந்த இரண்டு சொற்கள்தான்.

அதைத் தாண்டிய வழக்கானால் டிஸ்பொசிஷன் என்ற கட்டத்துக்கு வாருங்கள். வழக்கு எப்படி முடிந்தது என்பது அங்கே இருக்கும். தள்ளுபடி என்றிருந்தால் தள்ளுபடி மனுவைத் திறந்து பாருங்கள். அரசு வழக்கறிஞர் காரணத்தைக் குறித்திருப்பார்: சாட்சி கிடைக்கவில்லை, புகார் கொடுத்தவரே கைவிடச் சொன்னார், சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க முடியாது, வேறொரு வழக்கில் குற்றத்தீர்ப்பு ஆகிவிட்டது. இந்தக் கடைசிக் காரணம் இருந்தால் அந்த வேறொரு வழக்கின் எண்ணைத் தேடிப் போங்கள். தள்ளுபடி என்ற சொல்லை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதும், ஃபெலனி என்ற சொல்லை மட்டும் பார்த்துப் பதறுவதும் ஒரே அவசரத்தில் செய்கிற இரண்டு காரியங்கள்.

சில வழக்குகள் ஃபெலனியாகத் தொடங்கி மிஸ்டிமீனராக, அதாவது சிறிய குற்றமாக, முடியும். இங்குள்ள வழக்கறிஞர்கள் 'டுவெல்வ் ஃபார்ட்டி ஃபோர்' என்று எண்ணைச் சொல்லியே பேசுவார்கள். குற்றவியல் சட்டத்தின் 12.44 பிரிவு அது. அதன் முதல் உட்பிரிவில் முடிந்தால் தண்டனை மட்டும் சிறிய குற்றத்துக்குரியது. பதிவில் ஃபெலனி குற்றத்தீர்ப்பு அப்படியே நிற்கும். இரண்டாவது உட்பிரிவில் முடிந்தால் வழக்கே மிஸ்டிமீனர் ஆகிவிடும். தீர்ப்புத் தாளில் எந்த உட்பிரிவு என்று இருக்கிறது எனப் பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது. காசுக்கு விற்கும் அறிக்கையிலோ பெரும்பாலும் தொடங்கிய குற்றச்சாட்டுதான் தலைப்பாக இருக்கும்.

டெஃபர்டு அட்ஜூடிகேஷன் என்பதைப் பற்றியும் தெளிவாகச் சொல்ல வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டவரிடமோ மறுக்காமல் இருந்தவரிடமோ நீதிபதி, 'இப்போது தீர்ப்புச் சொல்லவில்லை. இத்தனை காலம் கண்காணிப்பில் ஒழுங்காக இருங்கள்' என்பார். இருந்து முடித்தால் வழக்கு தள்ளுபடி. டெக்சாஸ் சட்டப்படி அது குற்றத்தீர்ப்பு ஆகாது. இடையில் நிபந்தனையை மீறினால் அரசு மறுபடி மனுப் போடும். அப்போது குற்றவாளி எனத் தீர்ப்பாகி முழுத் தண்டனையும் வரலாம். ஆக, முதல் உத்தரவைப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடக்கூடாது. அதற்குப் பின்னால் ஐந்து வருடம் கழித்துக்கூட ஒரு தாள் சேர்ந்திருக்கலாம்.

தேடியும் கிடைக்காதவை சில உண்டு. டெக்சாஸில் 17 வயதாகும் முன் செய்ததாகச் சொல்லப்படும் குற்றங்கள் பெரும்பாலும் சிறார் நீதிமன்றத்துக்குப் போகும். அந்தப் பதிவுகள் பொதுவில் வராது. டெஃபர்டு முறையில் ஒழுங்காக முடித்த ஃபெலனியை, ஐந்து ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் மனுச் செய்து பொதுப் பார்வையிலிருந்து மறைக்கலாம். குடும்ப வன்முறை, ஆள் கடத்தல், கொலை போன்றவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. எக்ஸ்பங்ஷன் உத்தரவு வாங்கினால் பதிவே அழிக்கப்படும். ஃபெடரல் குற்ற வழக்குகள் கவுண்டியில் இருக்கவே இருக்காது. பணமோசடி, விசா மோசடி போன்றவை பெரும்பாலும் ஃபெடரல் நீதிமன்றத்துக்குத்தான் போகும். அவற்றுக்குப் பேசர் என்ற தளம் இருக்கிறது. பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதத்தில் 30 டாலருக்கு மேல் போகாவிட்டால் கட்டணமே கிடையாது.

நேரில் போக முடிந்தவர்கள் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். நீதிமன்றக் கட்டடத்து வாசலில் விமான நிலையத்தைப் போலப் பையைச் சோதிப்பார்கள். கிளார்க் அலுவலகத்தில் பொதுமக்களுக்கென்று கணினிகள் இருக்கும். யார் நீங்கள், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பார்ப்பதற்குக் காசு இல்லை. நகலுக்குப் பக்கத்துக்கு ஒரு டாலர் அளவில் ஆகும். மிகப் பழைய கோப்பு வேறு கட்டடத்தில் இருக்கலாம். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் எடுத்து வைப்பார்கள்.

இந்தக் கதவு ஏன் இவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. நீதிமன்றங்கள் திறந்திருக்க வேண்டும் என்று டெக்சாஸ் அரசியல் சாசனமே சொல்கிறது. நீதிமன்றப் பதிவுகளைப் பார்க்கவும் நகலெடுக்கவும் மக்களுக்குப் பொதுவான உரிமை உண்டு என்று 1978-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நிக்சனின் ஒலிநாடாக்கள் தொடர்பான வழக்கில் ஏற்றுக்கொண்டது. அரசு ஒரு மனிதனை மூடிய அறைக்குள் வைத்துத் தண்டித்துவிடக் கூடாது. நீதிபதியும் அரசு வழக்கறிஞரும் செய்வதை ஊர் பார்க்க வேண்டும். பதிவு பொதுவில் இருப்பதற்கு அதுதான் காரணம். அதே உச்ச நீதிமன்றம் 1989-ல் இன்னொன்றையும் கவனித்தது: ஊர் ஊராக நீதிமன்றங்களில் சிதறிக் கிடக்கும் தாள்களைத் தேடிப் பிடித்துப் பார்ப்பது வேறு, ஒருவரின் வாழ்நாள் முழுவதையும் ஒரே அறிக்கையாகத் தொகுத்து வைத்திருப்பது வேறு. எஃப்.பி.ஐ வைத்திருக்கும் அந்தத் தொகுப்பைக் கேட்டவருக்கெல்லாம் கொடுக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. இன்று அந்தத் தொகுப்பைத் தனியார் அரைகுறையாகச் செய்து விற்கிறார்கள். அதை நாம் இன்னும் அரைகுறையாகப் படித்துப் பரப்புகிறோம். அரசைக் கண்காணிக்கக் கிடைத்த உரிமையை, ஏற்கெனவே நொந்துபோன ஒருவர் மேல் எறியக் கல்லாக்குகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மலிவான ஆள்தேடும் தளங்களில் பலவும், 'இதை வாடகைக்கோ வேலைக்கோ ஆளை முடிவு செய்யப் பயன்படுத்தாதீர்கள்' என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். பயன்படுத்தினால் சிக்கல் உங்களுக்குத்தான். முறையான நிறுவனத்திடம் அறிக்கை வாங்கி அதை வைத்து ஒருவரை மறுத்தாலோ கூடுதல் முன்பணம் கேட்டாலோ, எந்த நிறுவனத்திடம் வாங்கினீர்கள் என்பதை அவருக்குத் தெரிவித்தாக வேண்டும். அவர் 60 நாளுக்குள் கட்டணமில்லாமல் நகல் பெறலாம், தவறு இருந்தால் மறுத்து எழுதலாம் என்பதையும் சொல்ல வேண்டும். 1970-லிருந்து இருக்கும் ஃபெடரல் சட்டம் அது. டெக்சாஸ் சொத்துச் சட்டப்படி, எதையெல்லாம் பார்த்துக் குடித்தனக்காரரைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்பதை விண்ணப்பம் கொடுக்கும்போதே எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் மறுத்தால் விண்ணப்பக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டியதுதான். அந்தத் தாளில் 'குற்றப் பின்னணி பார்ப்போம்' என்று பொத்தாம் பொதுவாக எழுதாமல், எத்தகைய குற்றத்தீர்ப்பு, எத்தனை ஆண்டுக்குள் என்று எழுதுங்கள். எழுதிய அதே அளவுகோலை எல்லாருக்கும் வையுங்கள். பெயரைப் பார்த்தோ நிறத்தைப் பார்த்தோ சிலரை மட்டும் தேடுவது 1968-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்துக்கு எதிரானது. அதைவிட முக்கியமாக, நமக்கே அது அழகில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகளின் பெயரும் இந்தப் பதிவேடுகளில் இருக்கிறது. இதைப் பேச நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். ஆனால் பேசித்தான் ஆக வேண்டும். படிக்க வந்த பையன் கடையில் ஒரு பொருளை எடுத்ததாகப் பிடிபடுகிறான். கோபத்தில் கணவன் கைநீட்ட, பக்கத்து வீட்டார் போலீஸைக் கூப்பிடுகிறார்கள். வழக்கு தள்ளுபடியானதும் வெளியில் மூச்சுவிடாமல் இருந்துவிடுகிறோம். ஆண்டுகள் கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, எப்போதாவது கைதானீர்களா என்ற கேள்வி வருகிறது. பதிவு அழிக்கப்பட்டிருந்தாலும் அங்கே பதில் சொல்லியாக வேண்டும். நீதிமன்ற முத்திரையிட்ட நகலையும் கேட்பார்கள். எக்ஸ்பங்ஷனில் பதிவை அழித்த பிறகு கிளார்க்கிடம் போய்க் கேட்டால், அப்படி ஒரு வழக்கே இல்லை என்பார். ஆகவே அழிப்பதற்கு மனுப் போடும் முன்பே குற்றச்சாட்டுத் தாள், வழக்கு முடிந்த உத்தரவு இரண்டுக்கும் முத்திரையிட்ட நகல் ஒன்றுக்கு இரண்டாக வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்று. டெக்சாஸ் சட்டத்துக்குக் குற்றத்தீர்ப்பு ஆகாத அந்த டெஃபர்டு அட்ஜூடிகேஷன், குடியேற்றச் சட்டத்துக்குப் பெரும்பாலும் குற்றத்தீர்ப்பேதான். கிரீன் கார்டு வைத்திருப்பவரையும் அது நாட்டைவிட்டு அனுப்பக்கூடும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் குடியேற்ற நிலைக்கு என்ன ஆகும் என்பதை வழக்கறிஞர் சொல்லியே ஆக வேண்டும் என்று 2010-ல் படில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று யார் சொன்னாலும், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்களிடம் நான் கேட்பவை இவை. யாருடைய கைதுப் படத்தையாவது நீங்கள் மற்றவர்களுக்கு அனுப்பியிருந்தால், இந்த வாரமே அந்தக் கவுண்டியின் டிஸ்ட்ரிக்ட் கிளார்க் பதிவில் அவர் வழக்கைத் தேடுங்கள். பிறந்த தேதி ஒத்துப்போகிறதா, வழக்கு எப்படி முடிந்தது, முடிந்த பின் வேறு தாள் சேர்ந்ததா என்று பாருங்கள். நீங்கள் அனுப்பியது தவறென்று தெரிந்தால், அனுப்பிய எல்லாருக்கும் அதைச் சொல்லி, படத்தை அழிக்கச் சொல்லுங்கள். வீட்டைக் கேட்டு வந்தவருக்கு அதனால் இடம் மறுத்திருந்தால் அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். வீடு இன்னும் காலியாக இருந்தால் அவருடைய விண்ணப்பத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். தேடுவதில் எங்காவது தடுமாறினால் கிளார்க் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பெயரும் பிறந்த தேதியும் சொல்லிக் கேளுங்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று அவர்கள் வழி சொல்வார்கள்.

அன்புடன்,
ஹூஸ்டனிலிருந்து உங்களில் ஒருவர்